வர்ற நேரம் சரி சார், போற நேரம்?

வருஷத்துக்கு இரண்டு முறை எனக்கு ஒரு உபரி வேலை வந்து சேரும். வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி மையத்தில் ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். தலைப்பு, டைம் மேனேஜ்மென்ட். இது தெரிந்த நாளிலிருந்து வீட்டம்மா சிரிப்பை நிறுத்தவில்லை. தன் கல்யாண ரிசப்ஷனுக்கே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த மனுஷனுக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்த புண்ணியவான் யார் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு 22, 23 வயது. இஞ்சினியரிங், விவசாயம், என்னைப் போல பி.காம். என்று எல்லாம் கலந்து இருக்கும். பாதிப் பேருக்கு இதுதான் முதல் வேலை. கல்லூரியில் முதல் பீரியடுக்கு மட்டம் போட்டால் அட்டெண்டன்ஸ் போகும், அவ்வளவுதான். இங்கே ஒன்பதே முக்காலுக்குள் மெஷினில் விரலை வைக்க வேண்டும். தவறினால் லேட். மூன்று லேட் சேர்ந்தால் ஒரு சி.எல். காலி. இதையெல்லாம் முதலில் மிரட்டலாகச் சொல்லிவிட்டு, பிறகு மேலிடத்திலிருந்து வந்த ஸ்லைடுகளைக் காட்டுவேன்.

ஸ்லைடில் என்ன இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சதுரம், அதில் நான்கு கட்டம். அவசரமானது, முக்கியமானது என்று வேலைகளைப் பிரித்துப் போட வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பெயரைச் சொல்லுவார்கள். ஆனால் உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஸ்டீபன் கோவி 1989இல் எழுதிய புத்தகம். அடுத்த ஸ்லைடு தக்காளி. 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனசு நிற்கவில்லை என்று சமையலறையில் கிடந்த தக்காளி வடிவ டைமரை முடுக்கி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. இத்தாலியில் தக்காளிக்கு பொமொடோரோ என்று பெயர், அதுவே இந்த முறைக்கும் பெயராகிவிட்டது.

நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "25 நிமிஷம் யாரும் என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள், தக்காளி ஓடிக்கொண்டிருக்கிறது" என்று மாதத்தின் முதல் தேதி பென்ஷன் வாங்க வந்து நிற்கும் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள்!

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வகுப்பில் டீ இடைவேளை. தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நான் தமிழ் என்று பெயரை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டு, கையில் கப்போடு வந்து நின்றாள். வகுப்பு முழுக்க இங்கிலீஷும் இந்தியும். அதனால் தமிழில் கேட்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

"சார், ஒன்பதே முக்காலுக்கு வரணும்னு பத்து தடவ சொல்லிட்டீங்க. எத்தன மணிக்குப் போலாம்னு ஒரு தடவகூட சொல்லலியே சார்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "வேலை முடிஞ்சதும் போகலாம்மா" என்றேன். அவள் விடவில்லை. "அது எப்ப சார் முடியும்?" அதற்குள் மணி அடித்துக் காப்பாற்றிவிட்டது.

*

எங்கள் அலுவலகம் ஃபோர்ட் பகுதியில். வீடு போரிவலியில். சாயங்காலம் சர்ச்கேட்டுக்கு நடக்கும்போது ஓவல் மைதானத்தின் ஓரமாக, ஐகோர்ட்டுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் நிற்கும். உச்சியில் கடிகாரம். 1878இல் கட்டி முடித்தது. பணம் கொடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பங்குத் தரகர், இரண்டு லட்ச ரூபாய். அம்மாவின் பெயர் ராஜாபாய். அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது, சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், யாரையும் கேட்காமல் நேரம் தெரிந்துகொள்ளத்தான் மகன் மணிக்கூண்டு கட்டினான் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள்.

(வங்கிக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி விலை ஏறி, பம்பாயில் பங்குப் பைத்தியம் பிடித்து, 1865இல் எல்லாம் சரிந்தபோது, பிரேம்சந்துக்கு அள்ளிக் கொடுத்திருந்த பாங்க் ஆஃப் பாம்பேயும் சேர்ந்து மூழ்கியது. 1868இல் அதை மூடிப் புதிதாகத் தொடங்க வேண்டி வந்தது. வராக் கடன் ஒன்றும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.)

அந்தப் பெண்ணின் கேள்வி மண்டையில் இருந்ததால், இந்த ஊரில் இதை முதலில் யார் கேட்டிருப்பார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பரேல் வரைக்கும்தான்.

பம்பாயின் முதல் பருத்தி மில்லை 1854இல் தொடங்கியவர் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி. நூற்பு ஓடியது 1856இல். அடுத்த முப்பது வருஷத்தில் பரேல், லால்பாக், பைகுலா எல்லாம் புகைபோக்கி மயம். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்து குவிந்த ஜனங்கள் அதுவரை விவசாய வேலை செய்தவர்கள். வயலில் வேலைக்குக் கணக்கு உண்டு, மணிக்கணக்கு கிடையாது. மில்லிலும் ஆரம்பத்தில் அப்படித்தான், விளக்கு இல்லாததால் சூரியன்தான் கடிகாரம். விடிந்ததும் இயந்திரம் ஓடும், இருட்டினால் நிற்கும். மும்பையில் ஜூனில் பகல் பதிமூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். டிசம்பரில் பதினொன்று. அதுதான் வேலை நேரம். ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக எதுவும் இல்லை. பண்டிகைக்கு விட்டால் உண்டு, அன்றைக்கும் பல இடங்களில் இயந்திரம் துடைக்க வர வேண்டும்.

வேலைக்கு வரச் சொல்ல மில்லின் ஊதல். இங்கே மராத்தியில் போங்கா என்பார்கள். நம்ம ஊரில் சங்கு. நான் கோவில்பட்டிக்காரன். அம்மாவுக்குச் சங்குதான் சமையல் கடிகாரம். எட்டு மணிச் சங்குக்குள் குழம்பு இறங்கவில்லை என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் திட்டு. சங்கு ஊதியாச்சு என்பதற்கு வேறு அர்த்தமும் நம் பேச்சில் உண்டு என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வேலை நேரம் என்று வந்தால் அது சின்னப் பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான் பேசியது. ஏழு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது, பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரம். பெரியவர்களின் வேலை நேரத்துக்கு ஒன்றுமில்லை. அப்போதுதான் நாராயண் மேகாஜி லோகண்டே வருகிறார். மகாத்மா பூலேயின் வழியில் வந்தவர், தீனபந்து பத்திரிகையின் ஆசிரியர், ஒரு மில்லில் கிளார்க் வேலையும் பார்த்தவர். 1884 செப்டம்பரில் மில் தொழிலாளர்களைக் கூட்டி, 5,500 பேர் சம்மதத்தோடு தொழிற்சாலைக் கமிஷனுக்கு ஒரு மனு கொடுத்தார். சங்கம் வைப்பதற்கே சட்டம் இல்லாத காலம்.

மனுவில் ஐந்து கோரிக்கைகள். வாரம் ஒரு நாள், ஞாயிறு விடுமுறை. மத்தியானம் அரை மணி நேரம் ஓய்வு. சம்பளம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள். வேலையில் அடிபட்டவருக்குக் குணமாகும்வரை சம்பளம். இவற்றின் நடுவே, மில் காலை ஆறரை மணிக்குத் தொடங்கி, சூரியன் மறையும்போது நிற்க வேண்டும் என்று ஒன்று.

இந்த ஒரு வரியில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். தொடங்குவதற்குக் கடிகாரம், முடிப்பதற்குச் சூரியன். ஏன் இரண்டையும் கடிகாரத்தில் கேட்கவில்லை? இது என் ஊகம்தான். சரித்திர ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் காலத்தில் தொழிலாளியிடம் கடிகாரம் கிடையாது. மில்லில் இருந்தது ஒரே கடிகாரம், அது மானேஜர் வசம். கடிகாரத்து முள்ளை யாரும் நகர்த்தலாம். சூரியனை நகர்த்த முடியாது. வீட்டுக்குப் போகிற நேரத்தை அவர்கள் மானேஜர் கையில் கொடுக்கத் தயாராக இல்லை.

ஞாயிறு விடுமுறைக்கு ஆறு வருஷம் ஆனது. 1890 ஏப்ரல் 24ஆம் தேதி பத்தாயிரம் பேர் திரண்ட கூட்டம், அதில் இரண்டு பெண் தொழிலாளர்கள் எழுந்து பேசினார்கள். அந்த ஜூனில் மில் முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு ஒப்புக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டனை அடுப்பில் வைத்துவிட்டு டிவி பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு லோகண்டே பெயர் தெரியும்? 2005இல் தபால் தலை வெளியிட்டார்கள். எனக்கு அதுவும் தெரியாமல்தான் இருந்தது.

*

கடிகாரத்தை யாரும் நகர்த்தலாம் என்றேன் அல்லவா. அதற்கும் இந்த ஊரில் பெரிய கதை உண்டு, நம்மூர்ப் பெயர் அடிபடும் கதை.

அப்போது ஒவ்வொரு ஊருக்கும் அதன் சொந்த நேரம். பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிஷம் முன்னால். மதராஸ் 5 மணி 21 நிமிஷம். கல்கத்தா 5 மணி 53. ரயில் வந்ததும் இது தலைவலியானது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு நேரம் என்றால் டைம்டேபிள் எப்படிப் போடுவது? பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது மதராஸ். அங்கே நுங்கம்பாக்கத்தில் கம்பெனியார் 1792இல் கட்டிய வானியல் ஆராய்ச்சிக்கூடம் நட்சத்திரங்களைப் பார்த்துத் துல்லியமாக நேரம் கணித்துக்கொண்டிருந்தது. ஆகவே இந்தியா முழுக்க ரயிலும் தந்தியும் மதராஸ் நேரத்தில் ஓடின. பம்பாய்க்காரன் ரயில் பிடிக்க வேண்டுமானால் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ரயிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1881இல் கவர்னர் ஜேம்ஸ் பெர்குசன், அரசு அலுவலகங்களும் இனி மதராஸ் நேரப்படி என்று உத்தரவு போட்டார். ஊர் கொதித்தது. மதராஸ் நேரத்தில் நாங்கள் ஏன் எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ராஜாபாய் கோபுரக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுவது என்று சண்டை. பல்கலைக்கழகம் பம்பாய் நேரம்தான் என்று முடிவெடுத்தது, அப்படியானால் ராத்திரி கடிகாரத்துக்கு விளக்கு எரிக்கப் பணம் தர மாட்டோம் என்றது அரசு. கடைசியில் 1883இல் அரசுதான் பின்வாங்கியது. மதராஸியை எதிர்த்து பம்பாயில் நடந்த முதல் போராட்டம் கடிகாரத்தின் பேரில்தான் என்று மாதுங்கா நண்பர் ஒருவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். 1960களில் இங்கே தென்னிந்தியர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்த குடும்பம் அவருடையது.

1906இல் இந்தியாவுக்கு ஒரே நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், இன்றைக்கு நம் கையில் ஓடுவது. பம்பாய்க் கடிகாரம் ஒரே தாவலில் 39 நிமிஷம் முன்னே போனது. ஜனவரிக் குளிரில், அதே எண்ணைக் காட்டும் கடிகாரத்துக்கு, 39 நிமிஷம் முன்னதாக இருட்டில் எழுந்து மில்லுக்குப் போக வேண்டும். ஜேக்கப் சசூன் மில்லில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து கல்லெறிந்தார்கள். எதிர்ப்பு மனுவில் 15,000 பேருக்கு மேல் கையெழுத்து. மாநகராட்சியோ தன் கடிகாரங்களில் பம்பாய் நேரத்தையே வைத்துக்கொண்டது. சுதந்திரம் வந்த பிறகும் சில வருஷம் அந்தப் பிடிவாதம் தொடர்ந்தது! ஒரே தெருவில் இரண்டு நேரம்.

இதைத் தேசபக்தி என்று எழுதுகிறவர்கள் உண்டு. வங்கப் பிரிவினையைச் செய்த கர்சன் ஆட்சியின் முடிவு என்பதால் கோபம் கூடியது உண்மைதான். ஆனால் மில் தொழிலாளிக்கு அதைவிட எளிமையான கணக்கு ஒன்று இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வருகிற நேரத்தை முன்னே நகர்த்திவிட்டான். போகிற நேரத்தையும் நகர்த்துவானா?

சந்தேகப்பட அவனுக்குக் காரணம் இருந்தது. முந்தைய ஓரிரு வருஷத்தில் மில்களுக்குள் மின்சார விளக்கு வந்துவிட்டது. நல்ல லாபம் ஓடிய காலம். லோகண்டே நம்பிய சூரியன் இப்போது செல்லாக்காசு. இருட்டினாலும் தறி ஓடும். பன்னிரண்டு மணி நேரம் பதிமூன்று, பதினாலு என்று நீண்டது. 1905இல் பம்பாய்த் தொழிலாளர்கள் நீண்ட வேலை நேரத்தை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். வெள்ளைக்காரர்களின் பத்திரிகையான டைம்ஸ் ஆஃப் இந்தியாவே மில் முதலாளிகளைத் தாக்கி எழுதியது. லங்காஷயர் மில்களுக்கு இதில் ஒரு ஆதாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பம்பாய்த் துணி விலை ஏறினால் அவர்களுக்கு நல்லது.

விசாரிக்க 1907இல் ஒரு கமிஷன் போட்டார்கள். வயது வந்த ஆண் எவ்வளவு நேரம் வேலை செய்வது என்பதில் சட்டம் நேரடியாகத் தலையிடக்கூடாது என்றது பெரும்பான்மை. அதில் ஒரே ஒருவர் மறுப்புக் குறிப்பு எழுதினார், டாக்டர் டி.எம்.நாயர். ஆமாம், பிறகு 1916இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே மதராஸ் நாயர். தொழிலாளியின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது டாக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? 1911ஆம் வருஷச் சட்டம் அவர் பக்கம்தான் சாய்ந்தது. நூற்பு, நெசவு ஆலைகளில் ஆண்களுக்கும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் என்று முதல் தடவையாக வந்தது.

அதற்கப்புறம் கணக்கு நேராகப் போகிறது. 1922இல் பதினொன்று, வாரத்துக்கு 60. 1934இல் பத்து, வாரத்துக்கு 54. 1946இல் ஒன்பது, வாரத்துக்கு 48. பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு வர 35 வருஷம். மூன்று மணி நேரத்துக்கு! இடையில் 1918இல் சென்னையில் பி.பி.வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்நின்ற மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானது. பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மத்தியானம் சோறு தின்ன விடுகிற நேரம் போதவில்லை என்பது. லோகண்டே கேட்ட சம்பளத் தேதி 1936இல் சட்டமானது. ஏழாம் தேதிக்குள், பெரிய ஆலை என்றால் பத்தாம் தேதிக்குள். லேட்டாக வந்ததற்கும் மற்றதற்கும் இஷ்டப்படி அபராதம் பிடிக்கக்கூடாது, ரூபாய்க்கு அரையணாதான் உச்சவரம்பு என்றதும் அதே சட்டம். (மூன்று லேட்டுக்கு ஒரு சி.எல். என்பதை அரையணாக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.)

*

இதெல்லாம் மில் கதை. நாம் ஆபீஸ்காரர்கள், ஷார்ட்ஹேண்டும் டைப்பிங்கும் படித்துவிட்டுத் தாதர் எக்ஸ்பிரஸ் ஏறியவர்களின் வழியில் வந்தவர்கள். நமக்கு என்ன?

நான் 2004இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் கிளையில் வருகைப் பதிவேட்டுக்கு மஸ்டர் என்று பெயர். மில்லிலும் அதே பெயர்தான். காலை பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மானேஜர் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் அன்றைக்குப் பாவி. சாயங்காலத்துக்குக் கோடு கிடையாது. கேஷ் டாலியாக வேண்டும், கணக்கு மூட வேண்டும், அது சரி. எல்லாம் முடிந்து ஆறரைக்குப் பையைத் தூக்கினால் மானேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பார், "என்ன, ஹாஃப் டே லீவா?" எல்லோரும் சிரிப்பார்கள். நான் பையைக் கீழே வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மானேஜர் கிளம்பும்வரை பழைய வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டே முக்கால், ஒன்பது.

குமாஸ்தாக்களுக்கு யூனியன் இருந்தது, போராடி வாங்கிய நேரம் இருந்தது. அதிகாரிக்கு ஓவர்டைம் கிடையாது. ஆகவே நேரமும் கிடையாது. வங்கியில் எல்லாவற்றுக்கும் கட்-ஆஃப் உண்டு. காசோலைக்கு உண்டு, கேஷ் கவுண்டருக்கு உண்டு. ஆபீசருக்கு மட்டும் இல்லை.

பத்து வருஷம் கழித்து நானே ஒரு கிளைக்குத் தலைவனானேன். ஒரு பையன், ஒரிசாக்காரன், நல்ல வேலைக்காரன். ஒரு நாள் ஆறே முக்காலுக்குக் கிளம்பினான். என் வாயிலிருந்து அதே வார்த்தை வந்தது. "ஹாஃப் டே லீவா?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தான். எட்டு மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அதனால்தான் போனான் என்று சொல்ல மாட்டேன். சம்பளம், வாடகை, வயதான அப்பா என்று அவன் கடிதத்தில் எழுதியவை எல்லாம் நிஜமான காரணங்களே. ஆனால் அந்தப் பையைக் கீழே வைத்த சத்தம் எனக்குத் தெரியும். நானும் வைத்தவன்.

டீ இடைவேளையில் அந்தப் பெண் கேட்டபோது நான் மழுப்பியது பதில் தெரியாமல் இல்லை.

*

அடுத்த வகுப்பிலிருந்து தக்காளியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் லோகண்டேயின் மனு. ஒரே ஸ்லைடு. நான்கு கட்டத்தை வைத்திருக்கிறேன், அதை எடுத்தால் மேலிடம் கேட்கும். சிரில்லோ மேலும் கோவி மேலும் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் சொல்வதெல்லாம் தன் நேரம் தன் கையில் இருப்பவனுக்குப் பொருந்தும். புதிதாகச் சேர்ந்தவனின் நேரம் மற்றவர்கள் கையில் அல்லவா இருக்கிறது. நான்கு கட்டத்தில் எது முக்கியம் என்று தீர்மானிப்பது அவனா?

இப்போது நான் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். சேர்ந்த முதல் இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுத வேண்டும். பக்கத்தில், தாமதமானால் ஏன் தாமதம் என்பதும். தனக்கு வேலை தெரியாததாலா? அப்படியானால் வெட்கப்படாமல் பக்கத்து சீட்டில் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும், அது நம் பக்கத்துத் தப்பு. வேறு யாரோ நாலரை மணிக்கு ஃபைலை அனுப்பியதாலா? அப்படியானால் காலை பதினொரு மணிக்கே போய், இன்றைக்கு என்ன வரும் என்று கேட்டு வைக்க வேண்டும். இல்லை, மானேஜர் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக மட்டும் உட்கார்ந்திருந்தார்களா? போன முறை நோட்டைக் கொண்டுவரச் சொன்னபோது, இந்த மூன்றாவது காரணம் எழுதாத நோட்டு ஒன்றுகூட இல்லை.

அதற்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சங்கு ஊதச் சொல்ல முடியாது. நான்கு மணிக்கே மானேஜரிடம் போய், "சார், இன்னைக்கு இது இது முடிஞ்சிடும், இது நாளைக்குக் காலையில முதல் வேலை, ஆறரைக்குக் கிளம்பறேன்" என்று சொல்லிப் பழகுங்கள் என்கிறேன். சாயங்காலம் ஆறரைக்குக் கேட்டால் அது அனுமதி. நான்கு மணிக்குச் சொன்னால் அது தகவல். எல்லா மானேஜரிடமும் பலிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சில இடங்களில் பேச்சு வாங்குவார்கள், அதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். 2023இல் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றபோது ஒரு வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. 1922ஆம் வருஷத்து மில் தொழிலாளிக்கு 60தான் என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன் :-)

தென்காசிப் பெண் இப்போது தானே பகுதியில் ஒரு கிளையில் இருக்கிறாள். லோகண்டே ஸ்லைடை அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன், கேள்வி கேட்டவளுக்குப் பதில் போய்ச் சேர வேண்டும் அல்லவா. எப்போதாவது ஒரு குட்டைச் செய்தி வரும். "8.40 சார்." "இன்னைக்கு 8.15." வேறு ஒன்றும் இருக்காது. போன மே மாதக் கடைசியில் ஒரு நாள் ஸ்டேஷன் மேம்பாலத்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. தண்டவாளங்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் சூரியன். கீழே, "சார், லோகண்டே டைம்ல கிளம்பிட்டேன்!"

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழு. மே மாதம் மும்பையில் ஏழு மணிக்கும் வெயில் அடிக்கும்மா, 1906க்கு முந்திய பம்பாய் நேரப்படி இப்போ ஆறு இருபத்தொன்றுதான் என்று பதில் போட்டேன். ஒரு முறைக்கிற பொம்மையை அனுப்பினாள். நான் அப்போதும் சீட்டில்தான் இருந்தேன். எழுந்து விளக்கை அணைத்தேன்.